இன்னும் பத்து நிமிஷம்

சிட்னியில் இருக்கும் என் பழைய சகா ஒருவர் 2023 நவம்பரில் ஒரு வீடியோத் துண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் செனட் குழு ஒன்றின் விசாரணை. ஒன்பது நாள் முன்னால் நாடு முழுவதும் ஒரு போன் நெட்வொர்க் முடங்கியது பற்றி. மேசையில் இரண்டு பேர். ஒருவர் ஆப்டஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி கெல்லி பேயர் ரோஸ்மரின். பக்கத்தில் நெட்வொர்க் பிரிவின் தலைவர் லாம்போ கனகரத்னம். 'பேரைப் பார்த்தியா, நம்ம ஆளு மாதிரி இருக்கு' என்று கீழே எழுதியிருந்தார் சகா. நான் பெயரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாடு முழுவதும் நெட்வொர்க் விழுந்தால் என்ன செய்வது என்று உங்களிடம் திட்டம் இருந்ததா என்பது கேள்வி. இந்த அளவில் ஒரு முடக்கத்துக்கென்று திட்டம் இருக்கவில்லை, இப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்று கனகரத்னம் நேராகச் சொல்லிவிட்டார். அது நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை கெல்லி பதவி விலகினார்.

'பலிகடா ஆக்கிட்டாங்க' என்றார் சகா. என் மனைவியிடம் காட்டினேன். 'அவ்வளவு சம்பளம் எதுக்குக் குடுக்கறாங்க? இதுக்குத்தானே?' என்று சொல்லிவிட்டு இட்லி மாவை எடுக்கப் போய்விட்டாள். இரண்டுமே எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் எதிலும் மனம் நிற்கவில்லை. இரண்டு வருடமாக அந்த வீடியோ போனிலேயே கிடக்கிறது. ஏன் அழிக்காமல் வைத்திருக்கிறேன் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கெல்லி தொலைத்தொடர்பில் வளர்ந்தவர் இல்லை. தென் ஆப்பிரிக்காவில் பிறந்து, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் தொழில்துறைப் பொறியியலும் மேலாண்மை அறிவியலும் படித்தவர். பிறகு ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கியில் பத்தாண்டுக்கும் மேல் இருந்து, பெருநிறுவனங்களுக்கான வங்கிப் பிரிவின் தலைமை வரை போனார். 2019இல் ஆப்டஸுக்குத் துணைத் தலைமைச் செயல் அதிகாரியாக வந்தார். 2020 ஏப்ரலில் நாற்காலி அவருக்கு வந்தது. ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய மாதம் அது. போன் கம்பெனிக்குத் தலைவராக அதைவிட விசித்திரமான நேரம் இருக்க முடியாது. ஆப்டஸ் ஆஸ்திரேலியாவின் இரண்டாவது பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம். 2001இலிருந்து சிங்கப்பூரின் சிங்டெல்லுக்குச் சொந்தம். அதாவது பதில் சொல்ல வேண்டியது சிட்னியிலும் கான்பெராவிலும், கணக்குக் காட்ட வேண்டியது சிங்கப்பூரில். பெரிய கம்பெனியின் வெளிநாட்டுக் கிளையில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் சுகமும் துக்கமும் தெரியும்.

2022 செப்டம்பர் 1ஆம் தேதி போட்டி நிறுவனமான டெல்ஸ்ட்ராவுக்கும் விக்கி பிராடி என்ற பெண் தலைவரானார். நாட்டின் முதல் இரண்டு போன் கம்பெனிகளின் தலைமையிலும் பெண்கள். அந்த மகிழ்ச்சி சரியாக மூன்று வாரம் நீடித்தது.

திறந்து கிடந்த ஜன்னல்

செப்டம்பர் 22, வியாழக்கிழமை. எலிசபெத் அரசி மறைவுக்காக ஆஸ்திரேலியா முழுவதும் அரசு விடுமுறை. அன்றுதான் ஆப்டஸ் தன் வாடிக்கையாளர் தரவு களவு போனதை அறிவித்தது. அதிகபட்சம் 98 லட்சம் பேர். பெயர், பிறந்த தேதி, முகவரி, பலருடைய ஓட்டுநர் உரிம எண், பாஸ்போர்ட் எண். களவாடிய ஆசாமி பத்து லட்சம் அமெரிக்க டாலர் கேட்டான். மிரட்டலுக்காகப் பத்தாயிரம் பேரின் விவரத்தை இணையத்தில் போட்டான். அப்புறம் என்ன நினைத்தானோ, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டான். திருட வந்தவன் வாசலில் கோலம் போட்டுவிட்டுப் போன கதை.

இது நுட்பமான தாக்குதல் என்றது ஆப்டஸ். அப்போதைய இணையப் பாதுகாப்பு அமைச்சர் கிளேர் ஓநீல் தொலைக்காட்சியில் அதை மறுத்தார். நுட்பமும் இல்லை ஒன்றும் இல்லை, ஜன்னலைத் திறந்து போட்டிருக்கிறார்கள் என்ற அர்த்தத்தில் பேசினார். ஜன்னல் எப்போதிலிருந்து திறந்திருந்தது என்பது இரண்டு வருடம் கழித்து, ஆஸ்திரேலியத் தகவல்தொடர்பு மற்றும் ஊடக ஆணையம் நீதிமன்றத்தில் வைத்த குற்றச்சாட்டில் தெரிந்தது. நிரலில் பிழை விழுந்தது 2018இல். கெல்லி அங்கே வருவதற்கு முன்பு. ஆனால் அதே ஆவணம் இன்னொன்றும் சொல்கிறது. 2021இல் முதன்மைத் தளத்தில் அந்தப் பிழையைக் கண்டுபிடித்துச் சரி செய்திருக்கிறார்கள். யாரும் பயன்படுத்தாமல் கிடந்த இன்னொரு தளத்தில் அதே பிழை இருப்பதைப் பார்க்கவில்லை. அப்போது நாற்காலியில் இருந்தவர் கெல்லி.

சகாவுக்கும் மனைவிக்கும் ஆளுக்குப் பாதி வெற்றி. நெட்வொர்க்கில் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் பங்குக்கு ஒன்று சொல்ல வேண்டும். பயன்படுத்தாத ஒரு சர்வர் எங்கோ ஓடிக்கொண்டிருப்பது எந்தத் தலைமைச் செயல் அதிகாரிக்கும் தெரியாது. அவருக்குக் கீழே நாலாவது படியில் இருப்பவருக்கும் தெரியாது. யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும், அவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

தொண்ணூறு ரூட்டர்கள்

களவிலிருந்து கெல்லி தப்பினார். நாற்காலி போனது அடுத்த வருடம்தான். 2023 நவம்பர் 8, புதன்கிழமை, அதிகாலை 4.05. ஆப்டஸின் மொபைல், இணையம், தரைவழித் தொலைபேசி எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தன. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ ஒரு கோடி. மெல்பர்னில் ரயில்கள் சிறிது நேரம் நின்றன. மருத்துவமனைகளின் தொலைபேசிகள் அடங்கின. கடைகளில் அட்டை தேய்க்கும் கருவி வேலை செய்யவில்லை. எல்லாம் சீராக மாலை ஆகிவிட்டது, பதினான்கு மணி நேரம்.

காரணத்தை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். இணையத்தில் எந்த இடத்துக்கு எந்த வழியாகப் போவது என்ற பட்டியலை ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கும். அளவு மீறிப் பட்டியல் வந்து குவிந்தால் ரூட்டர் திணறும். அதனால் ஒரு வரம்பு வைப்பார்கள். இத்தனைக்கு மேல் வந்தால் இணைப்பைத் துண்டித்துக்கொள் என்று. வீட்டு ஃபியூஸ் மாதிரி. அன்று அதிகாலை சர்வதேச இணைப்பு ஒன்றில் மென்பொருள் மேம்படுத்தல் நடந்தது. அதைத் தொடர்ந்து வழித்தட விவரங்கள் வழக்கத்தைவிட ஏராளமாக வந்து விழுந்தன. ஆப்டஸின் சுமார் 90 ரூட்டர்கள் வரம்பைத் தாண்டியதும், சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளைகளாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தங்களைத் துண்டித்துக்கொண்டன. அந்த வரம்பை யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. உற்பத்தியாளரிடமிருந்து வரும்போதே இருந்த அளவு அது.

மேம்படுத்தல் நடந்தது தாய் நிறுவனமான சிங்டெல்லின் இணைய இணைப்பகத்தில். ஆப்டஸின் முதல் விளக்கத்தைக் கேட்டால் தப்பு அந்தப் பக்கம் என்று தோன்றும். மேம்படுத்தல் மூல காரணம் அல்ல, ஆப்டஸ் ரூட்டர்களின் வரம்புதான் காரணம் என்று சிங்டெல் அறிக்கை விட்டது. மாமியாரும் மருமகளும் தெருவில் நின்று பேசிக்கொண்ட மாதிரி. அது வந்த மறுநாள்தான் கெல்லி செனட் முன்னால் உட்கார்ந்தார். அதைத் தெரிந்துகொண்டு வீடியோவைப் பார்த்தால் அவர் முகம் கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும்.

இதில் என்னை மிகவும் உலுக்கியது அவசர அழைப்பு எண்ணான 000 பற்றிய பகுதி. ஒரு கம்பெனியின் கோபுரம் செத்துவிட்டால் உங்கள் போன் தானாக வேறு கம்பெனியின் கோபுரத்தைத் தேடி அவசர அழைப்பை அனுப்பிவிடும். அதற்குக் கோபுரம் ஒழுங்காகச் சாக வேண்டும். அன்று ஆப்டஸின் 3ஜி கோபுரங்களில் பல சாகவில்லை. பின்னால் நெட்வொர்க்கே இல்லாமல் அலைவரிசையை மட்டும் வீசிக்கொண்டு நின்றன. கோபுரம் இருக்கிறது என்று போன் நம்பியது, அழைப்பு எங்கும் போகவில்லை. 000க்குப் போய்ச் சேராத அழைப்புகள் 228 என்று விசாரணையில் சொன்னார்கள். ஆணையம் பிறகு விசாரித்தபோது, 000 கிடைக்காமல் போனவர்கள் 2,145 பேர் என்று தெரிந்தது. 1.2 கோடி டாலருக்கு மேல் அபராதம். வாடிக்கையாளர்களுக்கு ஆறுதலாக 200 ஜிபி இலவச டேட்டா தந்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர்.

மக்களுக்கு ஆத்திரம் ரூட்டர் மேல் இல்லை. அதிகாலை நாலு மணிக்கு விழுந்த நெட்வொர்க்கைப் பற்றித் தலைவர் வாயைத் திறந்து பேசுகையில் காலை பத்து மணி தாண்டிவிட்டது. வானொலியிடம் வாட்ஸ்அப் அழைப்பில் பேசினார். தன் கம்பெனியின் நெட்வொர்க்கில் பேச முடியாத நிலையில் இருந்த போன் கம்பெனித் தலைவர் என்று பத்திரிகைகள் அதை விடவே இல்லை. ஆறு மணி நேர மௌனம். ஏன் பேசாமல் இருந்தார் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு அதன் விடை தெரியும் என்று தோன்றியது. ஆப்டஸில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் என்ன நடந்தது என்று தெரியும்.

என் சைபர்

2012இல் சென்னையில் ஒரு தொலைத்தொடர்புக் கம்பெனியின் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் இரவுப் பணியில் இருந்தேன். அந்த மையத்தைச் சுருக்கமாக நாக் (NOC) என்போம். பெயர் வேண்டாம். எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஒரு பெண். எல்லோருக்கும் அவர் மேடம்தான். காலை எட்டரைக்கு வந்து முந்தின இரவின் டிக்கெட்டுகளை, அதாவது பழுதுப் பதிவுகளை, ஒவ்வொன்றாகப் படிப்பார். மூட வேண்டிய டிக்கெட்டை மூடாமல் விட்டிருந்தால் மட்டும் குரல் உயரும். அந்த இரவு ஒரு மணிக்கு நான் ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. நான் எழுதிய திட்டம், இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட்டது, மேடம் ஒப்புதல் கொடுத்தது. அதிலும் இதே வரம்புதான். பத்தாயிரம் என்று இருக்க வேண்டியதை ஆயிரம் என்று அடித்திருந்தேன். ஒரு சைபர் குறைவு. நாலு பேர் கண்ணிலும் படவில்லை.

எண்டர் தட்டியதும் முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு திரையில் பச்சையாக இருந்தவை சிவப்பாகத் தொடங்கின. மூன்று மாவட்டங்கள். ரோல்பேக் செய்யலாம், அதாவது பழைய நிலைக்கே திருப்பிவிடலாம் என்று பார்த்தால் அந்த ரூட்டருக்குள் நுழையும் வழியும் நான் அறுத்த வழியேதான் இருந்தது. வீட்டைப் பூட்டி, சாவியை உள்ளே போட்ட நிலைமை. ஒருவரை எழுப்பி, கார் ஏற்பாடு செய்து, செங்கல்பட்டைத் தாண்டி எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினோம். 2.40க்கு மேடம் பிரிட்ஜில், அதாவது எல்லோரும் சேர்ந்து பேசும் கூட்டு அழைப்பில், வந்தார். 'எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?' நான் சொன்னேன்: 'இன்னும் பத்து நிமிஷம் மேடம்.'

இது பொய் இல்லை. அந்தக் கணத்தில் உண்மையாகவே பத்து நிமிடம்தான் என்று நம்பினேன். அடுத்த கட்டளை வேலை செய்துவிடும், காரில் போனவர் இந்நேரம் போயிருப்பார், போனதும் கேபிளைச் செருகுவார். 3.10க்குக் கேட்டார், பத்து நிமிஷம். 3.50க்குக் கேட்டார், காவலாளி சாவியைத் தேடுகிறார், பத்து நிமிஷம். ஒவ்வொரு முறையும் அவர் 'சரி' என்று சொல்லிவிட்டு இணைப்பிலேயே இருந்தார். பின்னணியில் அவர் வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்டது. நெட்வொர்க் திரும்பியபோது 6.50. ஊர் விழித்துவிட்டிருந்தது.

காலைக் கூட்டத்தில் நெட்வொர்க் ஏன் விழுந்தது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. 'ஏன் எங்களுக்குச் சொல்லலை?' இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மேலிடத்துக்கு, வாடிக்கையாளர் பிரிவுக்கு, ஆட்சியர் அலுவலகத்துக்கு. மேடம் ஏன் சொல்லவில்லை என்றால், பத்து நிமிடத்தில் சரியாகப்போகும் விஷயத்துக்காக அதிகாலை மூன்று மணிக்கு யாரும் மாவட்ட ஆட்சியரை எழுப்ப மாட்டார்கள். பத்து நிமிஷம் என்று சொன்னது நான். மேடம் அதைச் சொல்லவில்லை. 'மதிப்பீடு தப்பாயிடுச்சு, என் பொறுப்பு' என்றார். சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இரண்டு மாதத்தில் மேடத்தைச் 'சிறப்புத் திட்டங்கள்' என்ற பிரிவுக்கு மாற்றினார்கள். நான்காவது மாடியில் ஒரு அறை, ஒரு மேசை, கீழே ஆள் கிடையாது. மறு வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

கனகரத்னம் வாயைத் திறந்த அந்த இரண்டு நிமிடத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதனால்தான். அவர் சொன்னது கம்பெனிக்கு நல்லதில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு அதைவிட நல்லதில்லை. ஆனால் சொன்னார். எனக்குக் காரணம் தேடி அலைந்த ஒரு இரவு போதும். ஆப்டஸ் பொறியாளர்கள் அன்று ஆறு விதமான ஊகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்ததாகப் பின்னர் கம்பெனி செனட்டுக்கு எழுதிக் கொடுத்தது. ஆறு ஊகம் என்றால் என் கணக்கில் ஆறு 'பத்து நிமிஷம்'. தலைவர் பொறியியல் படித்தவர். காரணம் தெரியாமல் பேசக் கூடாது என்று பொறியாளர்கள் சொன்னால் அது அவருக்கு நியாயமாகவே பட்டிருக்கும். அந்த நியாயம் நாக் அறைக்குள் சரி. ரயில் நிலையத்தில் செத்த போனோடு நிற்பவருக்கு ஊகம் ஒன்றா ஆறா என்பது பொருட்டே இல்லை. 'விழுந்துவிட்டது, காரணம் தெரியவில்லை, இன்று முழுக்க வராமலும் போகலாம், அவசரம் என்றால் பக்கத்து ஆளின் போனை வாங்குங்கள்' என்று காலை ஐந்தரைக்குச் சொல்ல ரூட்டர் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

பெண் என்பதால்தான் அனுப்பினார்களா என்ற கேள்வியும் உண்டு. இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் மிஷேல் ரையனும் அலெக்ஸ் ஹாஸ்லமும் 2005இல் 'கண்ணாடி மலைமுகடு' என்று ஒரு கருத்தை வைத்தார்கள். கம்பெனி சரியத் தொடங்கும்போதுதான் பெண்களைத் தலைமைக்குக் கொண்டுவருகிறார்கள், விழுந்தால் அவர்கள் தலையில் என்று. கெல்லி விலகியதும் பலரும் இதை எடுத்து ஒட்டினார்கள். எனக்கு இது இங்கே பொருந்தவில்லை. ஆப்டஸ் 2020இல் முகட்டில் இல்லை. தொற்றுக்காலம் எல்லாருக்கும் பொது. நல்ல கருத்து கையில் இருக்கிறது என்பதற்காக எல்லாப் பெண்ணின் கதையையும் அதில் செருகுவது அந்தப் பெண்ணுக்கே அநியாயம். அவர் முடிவெடுத்தார், சில சரி, சில தப்பு. அவ்வளவுதான் என்று விட்டிருப்பேன்.

விட முடியாமல் செய்தது 2025 செப்டம்பர் 18. அதே ஆப்டஸ். இந்த முறை ஃபயர்வால் என்ற நெட்வொர்க் பாதுகாப்பு அரணின் மேம்படுத்தல். தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, வடக்குப் பிரதேசத்தில் பல மணி நேரம் 000 அழைப்புகள் நூற்றுக்கணக்கில் போகவில்லை. இந்த முறை உயிரிழப்புகளோடும் அது தொடர்புபடுத்தப்பட்டது. முந்தைய முடக்கத்துக்குப் பிறகு ரிச்சர்ட் பீன் தலைமையில் ஆய்வு நடந்து, 18 பரிந்துரைகள் வந்து, அரசு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டிருந்தது. அதற்கெல்லாம் பிறகு நடந்தது இது. அப்போது தலைவர் ஸ்டீபன் ரூ, வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. விலகச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. நிர்வாகக் குழு அவர் பக்கம் நின்றது. மீண்டும் ஒரு தலைவரை மாற்றினால் சீர்திருத்தம் தடைபடும் என்பது வாதம். யோசித்தால் அதுவும் நியாயம்தான். அந்த நியாயம் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று சகா கேட்டார். 'இட்லி மாவு' என்று பதில் போட்டேன். அவருக்குப் புரியவில்லை.

போன மாதம் ஒரு நாள், மேடத்தின் எண் இன்னும் அதேதானா என்று பார்த்தேன். அதேதான். ஓய்வு பெற்றுவிட்டார். டிபியில் பேத்தியோடு இருக்கிறார். அந்த வீடியோவை அனுப்பி, கீழே நீளமாக எழுதினேன். 2012, சைபர், பத்து நிமிஷம், ஷூ, எல்லாம். பதின்மூன்று வருடம் தாமதம். நீல டிக் வந்தது. மாலை வரை பதில் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்தது.

'சைபர் யாருதுன்னு அன்னைக்கே லாக்ல பார்த்துட்டேன்ப்பா. இந்த 90 ரூட்டர்லயும் லிமிட் யாரு போட்டது?'

'யாரும் போடலை மேடம். வாங்கும்போதே அப்படித்தான் வந்திருக்கு. டிஃபால்ட்.'

டைப்பிங் என்று ரொம்ப நேரம் காட்டிக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி காட்டியது.

'நம்மளதுல செக் பண்ணிட்டீங்களா?'

நான் அந்தக் கம்பெனியை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. அவர் விட்டு அதற்கும் மேல். அங்கே இன்னும் வேலை பார்க்கும் ஒரே நண்பனின் எண்ணைத் தேடி எடுத்து, இரவு பத்தே காலுக்கு அவனைக் கூப்பிட்டேன்.